மருந்து ஏற்றிய விறகு

சித்திரை 17, புதன்

காலையிலேயே வெயில். காற்று அறவே இல்லை. மரத்துக்கு மருந்து ஏற்றும் சிலிண்டரின் கதவு ரப்பர் வளையத்தை மாற்றினோம். முருகேசன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழையது ஓரத்தில் பிளந்து கிடந்தது. அழுத்தம் ஏற்றும்போதெல்லாம் மருந்து கசிந்து தரை பச்சையாகிவிட்டது. கழுவிவிட்டோம்.

தூத்துக்குடிப் பக்கத்து ஆலையிலிருந்து பைன் கட்டை இரண்டாவது நடை வந்தது. குளிர்விக்கும் கோபுரத்துக்கு. நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும் இடம். வெறும் மரம் சீக்கிரமே மக்கிப்போகும். சிலிண்டருக்குள் அடுக்கிக் கதவை மூடி, மரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தை விட்டு அழுத்தினால் காற்று இருந்த இடத்தில் எல்லாம் மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். பச்சை மருந்து. செம்பு, குரோமியம், ஆர்செனிக். பிறகு கரையானும் தொடாது, பூசணமும் பிடிக்காது.

போன நடைக் கட்டையில் ஆலைக்காரர்கள் அளவை மாற்றிவிட்டார்கள். மருந்து ஏறியதை மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. துண்டுகள் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கின்றன. அதை எரிக்கக் கூடாது. அதற்கென்று லாரி வந்து எடுக்க வேண்டும். போன் போடணும்.

போடவில்லை.

கோமதி நம்பருக்கு ரீசார்ஜ் முடிகிறது என்று மெசேஜ். போட்டேன். கேஸ் புக்கிங் அவள் பேரில்தானே இருக்கிறது. ஓ.டி.பி. அதில்தான் வரும். இரண்டு செல்லையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

மத்தியானம் தயிர்சோறு. தூங்கினேன்.


சித்திரை 18, வியாழன்

முருகேசன் லீவு. அவன் ஊரில் கோயில் கொடை, திருவிழா. திங்கள்தான் வருவான்.

சீனி வந்தான். கோமதியின் தம்பி. நாகலாபுரம் பக்கம் அவர்கள் ஊர்; அங்கேயும் வருகிற செவ்வாய் அம்மன் கோயில் கொடை. குட்டியானை வண்டி பிடித்து வந்திருந்தான். ஆபீஸ் பெஞ்சில் படுத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"அத்தான், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சாப்டீயளா?"

"ம்."

நின்றுகொண்டே இருந்தான். தையில் கோமதியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனதற்குப் பிறகு அவன் இங்கே வருவது இது இரண்டாவது தடவை.

"கொடைக்கு நீங்க வரக்கூடாது, வருசம் திரும்பல. தெரியும். ஊருச் சாப்பாட்டுக்கு வெறகு நம்ம வீட்டு மொறை. ஒங்ககிட்ட அறுத்த துண்டு கெடக்குமேன்னு வந்தேன்."

"பின்னால கெடக்கு. எடுத்துக்கோ" என்றேன்.

கையால் காட்டினேன். வண்டியில் கட்டை விழும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம். தலைமாட்டில் மின்விசிறி கிறீச் என்று ஒரு சத்தம் போடுகிறது, எண்ணெய் விடணும்.

போகும்போது, "வாரேன் அத்தான்" என்றான். கையை ஆட்டினேன்.


சித்திரை 20, சனி

வெயில் கூடிக்கொண்டே போகிறது. 

இடைசெவலிலிருந்து ஒருவர் வந்தார். வெங்காயம் சேமித்து வைக்கப் பட்டறை போடப் போகிறாராம். வேப்பங்கம்பு வெட்டி வைத்திருக்கிறார். "கரிசல்ல நட்டா ரெண்டு மழைக்குத் தாங்க மாட்டேங்கு அண்ணாச்சி. அடி நைஞ்சு போயிருது." மண்ணுக்குள் போகும் பகுதியைக் கரியாகச் சுட்டு, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொன்னேன். மேலே இருப்பதற்கு வெண்காரக் கரைசல் போதும். வெங்காயம் படும் இடத்தில் பச்சை மருந்து ஆகாது. "வைரம் பாஞ்ச கட்டைக்கு மருந்தே ஏறாதாமே?" என்று கேட்டார். ஆமாம். வெளியே இருக்கும் வெள்ளைதான் குடிக்கும். உள் வைரம் குடிக்காது. 

அவர் நின்று இன்னும் பேச ஆசைப்பட்டார். நான் பேசவில்லை. போய்விட்டார்.

சாயங்காலம் நித்யா கோயம்புத்தூரிலிருந்து போன். பரீட்சை முடிய இன்னும் இரண்டு பேப்பராம். என்ன சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள். அப்புறம் சொன்னாள். "அப்பா, நீங்க ஒரு தடவகூட அழல. அது எனக்குப் பயமா இருக்கு." 

வருத்தப்படாதே என்றேன். என்ன சொல்வது? வந்தால் அழ மாட்டேனா.

ஷாம்பு, பல்பு, மாத்திரை. (மாத்திரை மறந்துவிட்டது.)


சித்திரை 21, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ரோட்டில் நாய்கூட இல்லை.

அலமாரியில் அவள் சேலையை எடுத்துப் பேச்சிக்குக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். பேச்சி சீனியின் மனைவி. அவளும் கோமதியும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பார்கள். எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி உள்ளே வைத்தேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. மடிப்புக் கலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. என்ன படம் தெரியாது.


சித்திரை 22, திங்கள்

முருகேசன் வந்துவிட்டான். நெற்றியில் மஞ்சள், தொண்டை கட்டிப்போய். கொடையில் கத்தியிருக்கிறான்.

பின்பக்கம் போய்விட்டு வந்து கேட்டான், "குப்பை லாரிக்காரவ வந்துட்டுப் போயிட்டாவளா அண்ணாச்சி? துண்டெல்லாம் காலியாக் கெடக்கு."

"வந்திருப்பாங்க" என்றேன்.

"தார்ப்பாயை மடிச்சு வெச்சிட்டுப் போயிருக்காவ. என்னைக்கும் இல்லாம."

அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறிக்கொண்டிருந்தது. புது வளையம் நன்றாகப் பிடிக்கிறது. கசிவே இல்லை.

மத்தியானம் புளிசோறு. பார்சல்.


சித்திரை 23, செவ்வாய்

கையில் கொப்புளம். பேனா பிடிக்க வலிக்கிறது. எழுதி வைத்துவிடுகிறேன்.

காலையில் கோமதியின் செல் அடித்தது. திரையில் பேச்சி என்று வந்தது.

"மயினி..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "அய்யோ அண்ணே. கைப்பழக்கத்துல இந்த நம்பருக்கே போட்டுட்டேன்."

"பரவாயில்ல. சொல்லு."

"அவிய ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாவ. எனக்கு மனசு கேக்கல. நம்ம ஆடு ரெண்டு செத்துப்போச்சு அண்ணே. அம்மனுக்கு நேந்து விட்ட கெடா ஒண்ணு, சினை ஆடு ஒண்ணு. வாயில நொரை தள்ளி, கழிஞ்சு கழிஞ்சே விழுந்துட்டு."

"என்னத்தத் தின்னுச்சு?"

"ஒண்ணும் திங்கல. குப்பையில சாம்பலை நக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. எப்பவும் நக்குததுதான." குரலைத் தாழ்த்தினாள். "ஊர்ல ஒரு மாதிரிப் பேசுதாவ. சாவு விழுந்த துட்டி வீட்டு வெறகு கோயிலுக்கு வந்திருக்கக் கூடாதாம். அதான் ஆத்தா கெடாவ எடுத்துக்கிட்டாளாம்."

"எந்த வெறகு, பேச்சி?"

"நீங்க குடுத்ததுதான். கனமே இல்ல. லேசாப் பச்சை ஓடிப்போயி. நல்லா நின்னு எரியுது. நாலஞ்சு நாளா அதுலதான் வெந்நி போடுதது, பயறு அவிக்கது எல்லாம்."

பச்சை ஓடி.

பின்னால் துண்டுக் குவியல் இரண்டு உண்டு. மருந்து ஏறாத நாட்டுக்கட்டைத் துண்டு சுவரோரம். மற்றது தார்ப்பாய்க்குக் கீழே. பின்னால கெடக்கு என்று மட்டும்தான் சொன்னேன். சீனி சுத்தமான வேலைக்காரன். மூடியிருப்பதுதான் காய்ந்த விறகு என்று நினைத்து எடுத்துவிட்டு, தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எழுந்தேன். முழங்கால் மேஜையில் இடித்தது.

"அதை எரிக்காதே. ஒரு துண்டுகூட. அது மருந்து ஏத்தினது. சாம்பல் முழுக்க விஷம். சீனிகிட்டச் சொல்லு."

"ஊருச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பத்த வெச்சாச்சே அண்ணே!"

"நான் வாரேன். அதுக்குள்ள அணைக்கச் சொல்லு."

"நான் சொல்லி யாரு கேப்பா?"

சீனிக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. மேளத்தில் எங்கே கேட்கும்? முருகேசனை வேனை எடுக்கச் சொன்னேன். கையுறை, முகமூடி, மூடி போட்ட டிரம் எல்லாம் அவனே ஏற்றினான். விஷயத்தைச் சொல்லியிருந்தேன். எட்டயபுரம் தாண்டியபிறகுதான், "நேத்தே நான் கேட்டனே அண்ணாச்சி" என்றான். கேட்டான்தான்.

இரண்டு பக்கமும் பருத்தி எடுத்த காடு. வெடித்துக் கிடக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மனசு அடித்துக்கொண்டதா என்றால், தெரியவில்லை. கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

கோயிலுக்கு முன்னால் பந்தல். பிள்ளைகளை முதல் பந்திக்கு உட்கார வைத்து இலை போட்டாயிற்று. இலையில் உப்பு மட்டும் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மேளக்காரர்கள் அடியைக் குறைத்தார்கள். பூசாரி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. ஆத்தா எறங்கி நிக்கா. துட்டியோட உள்ள வராதிய."

அவரைத் தாண்டிப் போனேன்.

பந்தலுக்குப் பின்னால் குழி அடுப்புகள், வரிசையாக. சோறு ஒரு பக்கம் இறக்கிவிட்டார்கள், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. புகை கீழேயே சுற்றியது. அந்த வாசனை எனக்கே புதிது. இத்தனை வருஷம் அதை ஏற்றுகிறேன், ஒருநாளும் எரித்துப் பார்த்ததில்லை. சமையல்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன வெறகு இது? தொண்டையில முள்ளைப் போட்டு இழுத்தாப்ல இருக்கு."

"அடுப்பை அணைங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. என் குரல் வெளியே வரவில்லையோ என்னவோ. மறுபடி சொன்னேன். "அந்த வெறகு விஷம். சோத்தை யாரும் தொடாதீங்க. பிள்ளைகளை எழுப்புங்க."

சீனி வந்தான். வெற்று உடம்பு, மஞ்சள் துண்டு. "அத்தான், நீங்க எதுக்கு வந்தீய? போங்க. போன்ல பேசிக்கிடுவோம்."

"சீனி, நீ எடுத்தது மருந்துக் கட்டை."

"எல்லாரும் பாக்காவ அத்தான். போங்க."

பக்கத்தில் தண்ணீர்க்குடம் இருந்தது. தூக்கி அடுப்பில் ஊற்றினேன். நீராவியும் சாம்பலும் முகத்தில் அடித்தது. கூட்டத்தில் சத்தம். அடுத்த அடுப்புக்குப் போனேன். தண்ணீர் இல்லை. எரிகிற கட்டையைக் கையால் இழுத்து வெளியே போட்டேன்.

அப்போதுதான் சீனி அடித்தான். கன்னத்தில். மூக்குக்கண்ணாடி போய் விழுந்தது.

"வெசமா? வெசத்த வெச்சித் தொழில் பாத்துத்தான் எங்க அக்காவக் கொன்னீரா?"

மேளம் நின்றுவிட்டது.

கேட்டது. நன்றாகவே கேட்டது. குனிந்து இன்னொரு கட்டையை இழுத்தேன். நாலைந்து பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முருகேசன் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான், செம்பு, ஆர்செனிக் என்று. "எலி மருந்துய்யா! எலி மருந்து!" என்றான் கடைசியில். ஒரு ஆள், "துட்டிக்காரன் தொட்டா ஊருக்கே ஆகாது. மொதல்ல வெளிய தள்ளுங்க" என்றான். இன்னொரு ஆள், "ரெண்டு மணிக்கு மேல பந்தி போட்டா வெளியூர்க்காரவ என்ன நெனைப்பாவ?" அதுதான் அவனுக்குக் கவலை.

பேச்சி பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். இரண்டு கையையும் விரித்து சீனியிடம் காட்டினாள். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து.

"நேத்து இந்தச் சாம்பல்லதான் அண்டா வெளக்குனேன். பாருங்க. மொளகாய் பிடுங்குன கைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"நீ போடி அங்கிட்டு."

"எங்க போவ? கெடாவ ஆத்தா எடுக்கல. சாம்பல் எடுத்திருக்கு. பந்தியில நம்ம பய உக்காந்திருக்கான், தெரியுதா ஒங்களுக்கு?"

அண்டாவைத் தூக்க வைத்திருந்த கம்பை எடுத்தாள். சாம்பார் அண்டாவின் காதுக்குள் கொடுத்துத் தம்பிடித்து நெம்பினாள். சாய்ந்தது. ஆட்கள் குதித்து விலகினார்கள். சாம்பார் ஓடி, கரிசல் வெடிப்புக்குள் சத்தமே இல்லாமல் இறங்கியது. முருங்கைக்காயும் பருப்பும் மேலே நின்றன.

அதற்குப் பிறகு யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

பிள்ளைகளை எழுப்பினார்கள். சோற்றை டிரம்மில் கொட்டினோம், முருகேசனும் நானும். படையல் போட்ட சோற்றை மட்டும் எடுக்க மாட்டேன் என்றார் பூசாரி. "அம்மன் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. வேற யாரும் சாப்பிடாமப் பாத்துக்கோங்க" என்றேன். சரி என்றார். கடையிலிருந்து பன்னும் வாழைப்பழமும் வந்தது. பிள்ளைகளுக்கு அதுவே சந்தோஷம்.

ஆறுமுகம் அண்ணாச்சி வாந்தி எடுத்தார். அவரையும் பேச்சியையும் வேனில் ஏற்றி விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்கு. டாக்டரிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவரை உள்ளே சேர்த்தார்கள். பேச்சிக்குக் களிம்பு, ரத்தப் பரிசோதனை. சீனி வரவில்லை.

கண்ணாடி ஒரு பக்கம் கீறல். பார்க்க முடிகிறது.


சித்திரை 24, புதன்

மறுபடி அந்த ஊருக்கு. முழு நாளும் சாம்பல் அள்ளினோம். அடுப்புக் குழிகளில் மண்வெட்டியால் ஒரு முழம் மண்ணோடு எடுத்து டிரம்மில். பிறகு சீனி வீட்டுக் குப்பை. ஆட்டைப் புதைத்தார்களா, கறிக்குக் கொடுத்தார்களா என்று கேட்டேன். புதைத்துவிட்டார்கள். நேர்ந்து விட்டதைத் தின்னப் பயந்திருக்கிறார்கள். நல்லது.

எரியாத துண்டுகளை எண்ணாமல் ஏற்றினோம். வீடு வீடாகப் போய், கொண்டுபோன கட்டை இருக்கிறதா, சாம்பல் இருக்கிறதா என்று முருகேசன் கேட்டான். சிலர் தந்தார்கள். ஒரு அம்மா, "நல்லா எரியுதேன்னு பெரைக்குள்ள வெச்சிருந்தேன்" என்று முகம் செத்துப்போய்க் கொடுத்தாள். சிலர் கதவைத் திறக்கவில்லை.

சீனி தூரத்தில் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கம் போகவில்லை. அவனும் வரவில்லை.

பேச்சிதான் குடிக்கத் தண்ணீர் தந்தாள். கையில் துணி சுற்றியிருந்தாள். "அவிய நேத்துச் சொன்னதை மனசுல வெச்சுக்கிடாதிய அண்ணே."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

இப்போது எழுதும்போது தோன்றுகிறது. கோமதிக்கு டெங்கு என்றார் டாக்டர். சாதாரணக் காய்ச்சல் என்று போனவள்; தட்டணுக்கள் இறங்கி, இறங்கி. ஆனால் என் வேலைச் சட்டையைத் துவைத்தது அவள்தான். தனி வாளியில் ஊறப் போடு என்று சொல்லியிருந்தேன். போட்டாளா, பார்த்ததில்லை.

தூங்கப் போகிறேன்.


சித்திரை 26, வெள்ளி

குப்பை லாரிக்குப் போன் போட்டேன். வந்தது. எல்லா டிரம்மும் ஏறியது. நானே கூட நின்று பார்த்தேன். இனி மருந்து ஏறிய துண்டுக்குக் கம்பி வேலி, பூட்டு. சாவி என்னிடம் ஒன்று, முருகேசனிடம் ஒன்று. பலகையில் சிவப்பில் 'எரிக்காதே' என்று அவனே எழுதினான். எழுத்துப்பிழை இல்லை.

ஆறுமுகம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். "சமையல்கட்டுல முப்பது வருசமா நிக்கேன். பொகைன்னா பொகைன்னு நெனச்சேன்" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் சரிதான்.

ஊரில் இரண்டு கட்சியாம். பிள்ளைகளைக் காப்பாற்றினான் என்று ஒன்று. கொடுத்ததும் அவன்தானே என்று ஒன்று. இரண்டாவதும் சரிதான். பேச்சி போனில் சொன்னாள். கொடையின் எட்டாம் நாள், வருகிற செவ்வாய் எட்டாங்கொடைக்குச் சாப்பாட்டை மறுபடி போடப் போகிறார்கள், கேஸ் அடுப்பில்.

சாயங்காலம் கோமதியைப் பார்த்த டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டது. உள்ளே போனதும் கேட்டேன், சட்டையைத் துவைத்ததால் வந்திருக்குமா என்று. அவர் கம்ப்யூட்டரில் அவள் பேரைத் தேடினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டெங்குதான் சார். அன்னைக்கு வார்டுல இன்னும் பத்துப் பேரு அதே காய்ச்சல்ல இருந்தாங்க. உங்க தொழிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

இறங்கி வந்தேன். நிம்மதியாக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஒரு கடையில் கடலை மிட்டாய் வாங்கினேன். ஏன் வாங்கினேன் தெரியவில்லை, பையிலேயே உருகிவிட்டது.

நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கை சுட்டதை மட்டும் சொல்லவில்லை. அவள்தான் அழுதாள்.


சித்திரை 29, திங்கள்

மேகம் போட்டது. பெய்யவில்லை.

பைன் இரண்டாம் நடை முடிந்தது. நுனியை வெட்டிப் பார்த்தோம், மருந்து நடு வரை இறங்கியிருக்கிறது. ஆலைக்காரர் அடுத்த ஆர்டருக்குக் கேட்டார். வெட்டும் வேலையெல்லாம் மருந்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும், ஏறியபிறகு ஒரு ரம்பம் படாது, மிஞ்சினால் நீங்களே எடுத்துப் போக வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லட்டும்.

கொப்புளம் ஆறுகிறது. அரிப்பு.


சித்திரை 31, புதன்

காலை பத்துமணி போல சீனி வந்தான். பைக்கில், பின்னால் ஒரு சாக்குமூட்டை கட்டியிருந்தான். நேற்று எட்டாங்கொடை நல்லபடியாக முடிந்ததாம். முருகேசனைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வந்திருக்கிறான், நான் இருக்கிறேனா என்று.

சாக்கைப் பிரித்தான். கோயில் கதவு நிலையின் அடித்துண்டு. கரையான் உள்ளே முழுக்கத் தின்றுவிட்டு மேல் தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. பெருவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போகிறது.

"நேத்துச் சாமி தூக்கும்போது முட்டி உடைஞ்சிட்டு. புதுசா வாகை வெட்டியிருக்கு. ஒங்ககிட்டதான் மருந்து ஏத்தணும்னு ஊர்ல சொல்லிட்டாவ."

"எல்லாருமா?"

"எல்லாரும் இல்ல. ஆனா சொல்லிட்டாவ."

வெண்காரம் போடலாம், அது சாமிக்கும் ஆளுக்கும் கெடுதல் இல்லை என்றேன். அடியில் தண்ணீர் நிற்காமல் கல் பாவ வேண்டும். வைரப் பகுதியை வெளிப்பக்கம் வைக்கச் சொல். தலையாட்டிக்கொண்டே இருந்தான். கேட்டதாகத் தெரியவில்லை. துண்டிலிருந்து உதிரும் மண்ணைத் தரையில் விரலால் கூட்டிக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அக்காவுக்கும் அந்த மருந்துதானா?"

"டெங்கு, சீனி. வெள்ளிக்கிழமை போய் டாக்டர்கிட்டக் கேட்டேன். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துட்டு. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாரு. வேணும்னா பேப்பர் வாங்கித் தாரேன்."

"பேப்பர் எதுக்கு? நீங்க சொன்னாச் சரி."

பிறகு, "அக்கா எனக்குப் போன் போட்டா அத்தான். ஆஸ்பத்திரியில சேந்த அன்னைக்கு. மொளகா காயப் போட்டிருக்கேன், நாளைக்கி வாரேன்னுட்டேன்" என்றான். வாய் கோணிக்கொண்டது. அழுதான். தோள் குலுங்க, சத்தமாக, அக்கா அக்கா என்று. முருகேசன் பம்ப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

எனக்கு வரவில்லை. அவன் முதுகில் கையை வைத்தேன். சட்டை வேர்வையில் ஈரமாக, சூடாக இருந்தது. எடுக்காமல் வைத்திருந்தேன். உள்ளே அவன் மூச்சு இடிப்பது கையில் தெரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்தினான். வேட்டியில் முகத்தைத் துடைத்தான்.

"நெலைக்கு என்ன அளவு வேணும்?" என்றான்.

டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அவனைப் பிடிக்கச் சொன்னேன்.